பூஜையில் இருந்த போன்

வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போவது முடிவானதும், நம் விருத்தாசலம் பீங்கான் பேட்டைப் பிள்ளைகள் என்னைத் தேடி வந்து கேட்கிற கேள்விகளைத் தனிப் புத்தகமாகவே போடலாம். ஊறுகாய் பாட்டிலை எதில் சுற்றுவது? கோப்பைகளை வைக்கோலில் கட்டினால் விமானத்தில் விடுவார்களா? குளிருக்கு மங்கி குல்லா போதுமா? போன வாரம் வந்த பெண், ஜெர்மனியில் தயிர் கிடைக்குமா என்று முகம் வாடிக் கேட்டாள். கிடைக்கும் தாயி, கெட்டியாகவே கிடைக்கும். ஆனால் இதுவரை ஒருவராவது, "அங்க போய் எறங்குனதும் என் மெயில் தொறக்குமா? போன் பேசுமா?" என்று கேட்டதில்லை. தயிர் இல்லாமல் ஒரு வாரம் ஓட்டிவிடலாம். மெயில் திறக்காமல் ஒரு காலைப்பொழுது ஓட்டுவது எப்படி இருக்கும் என்பதை நான் சொல்கிறேன், கேளுங்கள்.

எனக்கும் போனுக்கும் வெளிநாட்டில் ராசி கிடையாது. முதல் தடவை கொழும்புக்குப் போனபோது ரோமிங் என்ற ஒன்றைப் போட வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. விமானம் இறங்கியதும் போன் செத்துவிட்டது. மறுநாள் ஓட்டல்காரரிடம் கெஞ்சி வீட்டுக்குப் பேசினால், எடுத்தது என் வீட்டுக்காரர் இல்லை, திட்டக்குடியிலிருந்து வந்திருந்த என் நாத்தனார். அவர் மட்டுமில்லை, சொந்தக்காரர்கள் பாதிப் பேர் வந்து இறங்கியிருந்தார்கள். என்னை யாரோ கடத்திவிட்டார்கள் என்று முடிவுகட்டி, எல்லோருக்கும் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து, போகிற ஊரில் இறங்கியதும் அந்த ஊர் சிம் வாங்கிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். நல்ல பழக்கம்தான். அந்தப் பழக்கத்தால்தான் ஜெர்மனியில் மாட்டிக்கொண்டேன்.

நான் வேலை பார்த்தது ஒரு சின்னப் பீங்கான் கம்பெனி. அதில் நான் ஏற்றுமதிப் பிரிவு. பிரிவு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், நான் ஒருத்திதான் பிரிவு. பொம்மையும் விளக்கும் உள்ளூரில் போய்க்கொண்டிருந்தன. ஆனால் அவற்றை நம்பி பெயின்டிங் ஷெட்டை வருஷம் முழுக்க ஓட்ட முடியாது. கார்த்திகை விளக்கு வேலை முடிந்ததும் ஷெட்டைப் பூட்டிவிடலாம் என்று முதலாளி பேச ஆரம்பித்திருந்தார். அந்த ஷெட்டில் உட்கார்ந்து கோப்பைக்கும் தட்டுக்கும் பூப்போடுகிற பெண்களில் பாதிப் பேர் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். நான் ஜெர்மனிக்குக் கிளம்பிய அன்று வாசல் வரை வந்தார்கள். "அக்கா, எங்களுக்கு சாக்லேட்டெல்லாம் வேணாம். ஆர்டரோட வாங்க, அது போதும்" என்றார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் கோப்பைப் பெட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

இப்போது போன் விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி நம்பர் ஒரு பழைய பட்டன் போனில் இருந்தது. கடலூரிலிருந்து சேலம் வரை நம் வியாபாரிகளுக்குத் தெரிந்தது அந்த நம்பர் ஒன்றுதான். அதை நான் தூக்கிக்கொண்டு போனால் உள்ளூர் ஆர்டரை யார் எடுப்பது? அதனால் அதை அந்தோணியிடம் கொடுத்தேன். அந்தோணி எங்கள் டெஸ்பாட்ச் பொறுப்பு. சேத்தியாத்தோப்புக்காரன், என்னைவிட இளையவன், கோப்பையை வைக்கோலுக்குள் வைக்கும்போது மூச்சைக்கூட மெதுவாக விடுகிறவன். எனக்குப் பயணத்துக்கென்று ஒரு புதுப் போன், அதில் வழக்கம்போல இறங்கியதும் அந்த ஊர் சிம். கிளம்பும்முன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மெயிலைப் பத்திரமாக மூடினேன். பாஸ்வேர்டைக்கூட மாற்றினேன். ஒரு பயிற்சி வகுப்பில் அப்படிச் செய்யச் சொல்லியிருந்தார்கள், நல்ல பிள்ளையாகச் செய்தேன். புதுப் போனில் மெயிலை ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுக் கிளம்பு என்று அந்த வகுப்பில் யாரும் சொல்லவில்லை. போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

அங்கே கண்காட்சி தொடங்கிய காலையிலேயே ஓர் அம்மா வந்தார். தலை முழுக்க நரை, தோளில் துணிப்பை. நிறைய காபிக் கடைகளுக்குக் கோப்பை வாங்கித் தருகிறவர் என்று அவர் நீட்டிய அட்டை சொன்னது. நம் கோப்பை ஒன்றை எடுத்து நகத்தால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டார். நம் சூளைக்காரர்கள் செய்கிற அதே வேலை! எனக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துவிட்டது. பூவைத் தடவிப் பார்த்தார். பிடித்திருக்கிறது என்றார். மதியம் ரயிலேறுகிறேன், அதற்குள் ஒன்று மட்டும் காட்டுங்கள் என்றார். மேல்பூச்சில் ஈயம் இல்லை என்று பரிசோதனைக்கூடம் கொடுத்த ரிப்போர்ட். உணவுப் பாத்திரத்துக்கு அது இல்லாமல் அந்த ஊரில் ஒரு கோப்பையும் உள்ளே போகாது. அடுத்த வரிசையில் இன்னொரு கம்பெனியும் இதே மாதிரி கோப்பை வைத்திருப்பதாகவும், அவர்களிடம் ரிப்போர்ட் தயாராக இருப்பதாகவும் மறைக்காமல் சொன்னார். ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறேன் என்று போனார்.

நம் ரிப்போர்ட்டும் தயார்தான். முந்தின நாள் சாயங்காலமே பரிசோதனைக்கூடத்திலிருந்து வாட்ஸ்அப்பில் பேசி, பாஸாகிவிட்டது, மெயிலில் அனுப்பிவிட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். ஆனந்தமாகப் புதுப் போனை எடுத்தேன். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள், பாஸ்வேர்டைத் தப்பும் தவறுமாக அடித்து, ஒரு வழியாகச் சரியாக அடித்தேன். மெயில் திறக்கவில்லை. புதுப் போனாக இருக்கிறது, புது நாடாக இருக்கிறது, உள்ளே வருவது நீங்கள்தானா என்று உறுதிசெய்ய உங்கள் நம்பருக்கு ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம் என்றது. என் நம்பர் என்றால் கம்பெனி நம்பர். அது இருப்பது விருத்தாசலத்தில், பட்டன் போனில்.

அதனால் என்ன, அந்தோணி இருக்கிறானே. கண்காட்சி வைஃபையில் வாட்ஸ்அப்பில் அவனைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தான்.

"அந்தோணி, அந்த பட்டன் போன்ல ஒரு ஓ.டி.பி. வந்துருக்கும். சட்டுனு பாத்துச் சொல்லு."

அவன் பொரி மென்றுகொண்டிருந்த சத்தம் நின்றது.

"அந்தோணி?"

"அக்கா... இன்னிக்கி என்னா நாளுன்னு ஞாபகம் இருக்குதா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆயுத பூஜை.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை என்றால் விளையாட்டில்லை. அச்சு, பிரஷ், தராசு, கத்தரிக்கோல், ஸ்டேப்ளர் வரைக்கும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜை மேடையில் அடுக்கிவிடுவார்கள். ஆபீஸ் பக்கம் கரண்ட்டையே மெயினில் நிறுத்திவிடுவார்கள், கம்ப்யூட்டர் திரைக்கும் பெரிய பொட்டு. பூஜைக்கு வைத்த சாமானை மறுநாள் காலை விஜயதசமிக்கு எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. தொட்டால் வருஷம் முழுக்க வேலை விளங்காது என்பது நம்பிக்கை.

"போனயுமா வச்சாங்க?"

"வேல செய்யிற சாமான்தானேன்னு நாந்தான்க்கா எடுத்துக் குடுத்தேன். நடுவுல வச்சிருக்காங்க. மாலையெல்லாம் போட்டிருக்குது. பாக்க அம்சமா இருக்குதுக்கா."

"அம்சமா இருக்குதா! இங்க எனக்கு உசிரு போவுதுடா."

விஷயத்தைச் சொன்னேன். பெயின்டிங் ஷெட் என்றதும் அவனுக்கும் குரல் மாறிவிட்டது. பூஜை முடிந்து எல்லோரும் பொரிகடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆபீஸ் சாவி அவனிடம் இருந்தது. பரிசோதனைக்கூடத்துக்கும் லீவு, மறுபடி அனுப்பச் சொல்லவும் வழியில்லை.

"நீங்க எடுன்னு சொல்லுங்கக்கா, எடுத்துடுறேன்" என்றான். பிறகு, "ஆனா நான் வேதக்காரன். எங்கம்மாகூடக் காலைல சொல்லித்தான் அனுப்புச்சி, அவங்க பூஜைல எதையும் தொட்டுடாதடான்னு" என்றான்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். என் வேலைக் காலத்தில் நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு யோசித்த இடம் இது. எடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தோணி எடுத்திருப்பான். ஆர்டரும் வந்திருக்கும். ஆனால் அடுத்த சூளையில் நாலு கோப்பை விரிசல் விட்டாலும் பேச்சு எங்கே போகும்? பூஜையில் இருந்ததை அந்தோணி எடுத்தானாமே என்றுதான் போகும். அவன் முகத்துக்கு நேராக யாரும் சொல்ல மாட்டார்கள், அத்தனை பேருக்கும் அவன்மேல் பாசம். ஆனாலும் அவன் காதில் விழும். நான் ஜெர்மனியில் சொகுசாக நின்றுகொண்டு போடுகிற உத்தரவுக்கு அவன் அங்கே தலை குனிந்து நிற்க வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. தூரத்திலிருந்து உத்தரவு போடுகிற யாரும் முதலில் யோசிக்க வேண்டியது, அதன் பழி எவன் தலையில் விழும் என்பதைத்தான்.

ஆனால் நேரம் ஓடுகிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டும் என்பார்களே, அது ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் பூஜைக்குப் பூசாரி யார்? சூளைப் பொறுப்பு ராமலிங்கம் அண்ணன். வருஷா வருஷம் பூசணிக்காய் உடைப்பவர் அவர்தான். அவருடைய போனும் பூஜையில்தான் இருக்கும், நெருப்பு பார்க்கிறவனுக்குப் போன் எதற்கு என்பார். சட்டென்று இன்னொன்றும் ஞாபகம் வந்தது.

"அந்தோணி, சூளை எரியுதா இன்னிக்கி?"

"எரியுதுக்கா. நேத்தே பத்த வச்சாச்சு, நடுவுல நிறுத்த முடியாதுல்ல. அண்ணன் அங்கதான் நிக்கிறாரு."

"சூளைச் சாமானை பூஜைல வச்சாங்களா?"

"அத எப்புடிக்கா வைப்பாங்க? எரியிற சூளைக்கு நின்னபடியே பொட்டு வச்சு, சூடம் காட்டிட்டாங்க."

"ஒன் போன எடுத்துக்கிட்டு அண்ணன்கிட்ட போ. நான் பேசுறேன்."

அந்தோணி ஓடுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் போனில் சூளையின் இரைச்சல் கேட்டது. அந்தக் கண்ணாடி மாளிகையில், கோட்டும் சூட்டுமாக ஜனங்கள் நடக்கிற இடத்தில், நம் ஊர்ச் சூளைச் சத்தம் காதில் விழுந்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"சொல்லும்மா கோமதி. சாப்டியா? குளுருதா அங்க?"

"அண்ணே, அதெல்லாம் அப்புறம். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், நீங்க என்னா சொன்னாலும் சரி. கம்பெனி போனு பூஜைல இருக்குது. அதுல வர்ற நம்பர் இல்லாம எனக்கு மெயில் தொறக்காது. மெயில் தொறக்கலன்னா கோப்பை ஆர்டரு போயிடும். அந்த போனு ஓய்வுல இருக்கிற சாமானா, ஓடுற சாமானா? நீங்கதான் சொல்லணும்."

அவர் பக்கத்தில் திரும்பினார். யாரிடமோ நெருப்பைக் கொஞ்சம் தணிக்கச் சொன்னார். பிறகு, "ஆர்டரு வந்தா எந்தச் சூளைல போடுவ?" என்றார்.

"நம்ம சூளைலதாண்ணே."

"நீ இப்ப அங்க வேலைல நிக்கிறியா, வூட்ல ஒக்காந்திருக்கியா?"

"வேலைலதாண்ணே நிக்கிறேன். காலைலேருந்து ஒக்காரக்கூட இல்ல."

"அப்பறம் என்னா? நீ வேலைல நிக்கிறப்ப ஒன் போனு மட்டும் எப்புடி ஓய்வெடுக்கும்? சூளை மாதிரிதான் அதுவும். அத மேடைல வச்சது எங்க தப்பு. இரு, முறையா எடுக்குறேன்."

முறையாக என்று அவர் சொன்னதை நான் சரியாகக் கவனிக்கவில்லை.

இதற்குள் அந்த நரைத்தலை அம்மா திரும்பி வந்துவிட்டார். ரிப்போர்ட் எங்கே என்று பார்வையாலேயே கேட்டார். சர்வர் கோளாறு என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. உலகம் முழுக்க எல்லோரும் சொல்கிற பொய்தான், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், அதில் அந்தோணி நேர்முக வர்ணனை செய்துகொண்டிருந்தான், அந்த அம்மாவின் பார்வையும் அதன்மேல்தான் இருந்தது. அதனால் உள்ளதை உள்ளபடியே எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். வருஷத்தில் ஒரு நாள் எங்கள் கருவிகளுக்கெல்லாம் நன்றி சொல்லி ஓய்வு கொடுப்போம், உங்கள் ரிப்போர்ட்டுக்குச் சாவியான போன் இப்போது மாலை போட்டுக்கொண்டு சாமி முன்னால் இருக்கிறது, அதை எழுப்ப எங்கள் சூளைக்காரர் போய்க்கொண்டிருக்கிறார் என்றேன். அந்த அம்மா கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு என் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இப்போது என்ன செய்கிறார் என்று கேட்டார்.

"அண்ணன் கை கால் கழுவுறாருக்கா" என்றான் அந்தோணி. மொழிபெயர்த்தேன்.

"சூடம் ஏத்துறாருக்கா." அதையும் சொன்னேன்.

"அந்தோணி, ஓ.டி.பி.க்கு ஆயுசு கொஞ்சம்தான்டா! செத்துடும்!"

"சூடம் எரிஞ்சு முடியணும்லக்கா. பாதில எடுத்தா நல்லாவா இருக்கும்?"

அது செத்துத்தான் போயிற்று. மறுபடி ஒன்று கேட்டேன். பூஜை மேடையில் அது வந்து விழுந்த மணிச்சத்தம் ஜெர்மனியில் கேட்டது. ராமலிங்கம் அண்ணன் இரண்டு கையாலும் போனை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். எடுத்தாயிற்று என்று பார்த்தால், அடுத்த கஷ்டம் வந்தது.

"அக்கா, நடுப் பட்டன் அமுங்கல. சந்தனம் காஞ்சு கெட்டியா நிக்கிது. தெரையிலயும் பொட்டு, நம்பரே தெரியல."

"தொடைடா!"

"பிரஷ்ஷு இருந்தா சுத்தமா வந்துடும். ஆனா பிரஷ்ஷெல்லாம் பூஜைல இருக்குதுக்கா."

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்து இப்போது என்ன என்றார். கருவியைச் சுத்தம் செய்கிற கருவியும் ஓய்வில் இருக்கிறது என்றேன். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். அந்தோணியும் சும்மா இல்லை. "அக்கா, கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டுனாத்தான் இந்தப் பட்டன் அமுங்கும் போலருக்குது" என்றான். எங்கள் பக்கத்து முருகனுக்குக் குறையைச் சீட்டில் எழுதிக் கட்டுகிற வழக்கத்தை மொழிபெயர்க்க எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை. கடைசியில் ராமலிங்கம் அண்ணன் தோள் துண்டின் முனையைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தார். பட்டன் அமுங்கியது. அந்தோணி ஒவ்வொரு எண்ணாகக் கோப்பை எடுத்து வைக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னான். மெயில் திறந்தது.

ரிப்போர்ட்டை அந்த அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தார். சிரிப்பெல்லாம் போய் வியாபார முகம் வந்துவிட்டது, எனக்கு மறுபடி பயம் பிடித்தது. படித்து முடித்து, இன்னொரு தடவை கோப்பையைச் சுண்டிக் கேட்டார். பிறகு எவ்வளவு நாளில் தருவீர்கள் என்று கேட்டார். நான் பதில் சொல்லும் முன்பே ஸ்பீக்கரிலிருந்து ராமலிங்கம் அண்ணன், "என்னா கேக்குறாங்க?" என்றார். சொன்னேன். "பொங்கலுக்குள்ள குடுத்துடலாம்னு சொல்லு. அவசரப்பட்டா வெடிச்சுடும்னும் சொல்லு" என்றார். இரண்டையும் சொன்னேன். அந்த அம்மா கை கொடுத்தார். போனைப் பார்த்தும் ஒரு வணக்கம் வைத்தார்.

மறுநாள் அவரிடமிருந்து வந்த முதல் மெயிலில் ஆர்டர் விவரத்துக்கு மேலே ஒரே ஒரு வரி இருந்தது. கருவிகள் எழுந்துவிட்டனவா? எழுந்துவிட்டன, பொரி தின்றுகொண்டிருக்கின்றன என்று பதில் போட்டேன். அதற்கப்புறம் வருஷா வருஷம் விஜயதசமிக்கு அந்தக் கேள்வி வரும். பெயின்டிங் ஷெட் பெண்களுக்கு அந்த வரியைப் படித்துக் காட்டாமல் நான் வேலையைத் தொடங்கியதில்லை. ஷெட் இன்றுவரை பூட்டப்படவில்லை.

ஆகவே, கிளம்பும் முன் மெயிலைப் புதுப் போனில் திறந்து பாருங்கள். உங்கள் சிம்மை ரோமிங் போட்டு உங்களோடேயே வைத்துக்கொள்ளுங்கள், ஓ.டி.பி. வந்தால் போதும். ஊர் நம்பர் யார் கையில் இருக்கிறது, அந்த நாளில் ஊரில் என்ன விசேஷம் என்று காலண்டரையும் பாருங்கள். இதெல்லாம் செய்தும் மாட்டிக்கொள்வீர்கள், அது வேறு. மாட்டிக்கொண்டால் உத்தரவு போடாதீர்கள். யாரைக் கேட்டால் ஊரே ஒத்துக்கொள்ளுமோ அவரைக் கேளுங்கள்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கும் கம்பெனிக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்றபின் எனக்கு அது முதல் பூஜை. ராமலிங்கம் அண்ணனுக்கு ஓய்வெல்லாம் கிடையாது, சூளை விட்டால்தானே. இப்போது பூஜையில் இரண்டு இடம் உண்டு. மேடையில் ஓய்வுச் சாமான்கள், சூளைப் பக்கம் ஒரு பலகையில் ஓடுகிற சாமான்கள். அந்தப் பலகையில் கம்பெனி போனும் பொட்டோடு விழித்துக்கொண்டிருந்தது. நான் என் போனை அணைத்து, மேடையில் பிரஷ்களோடு வைத்தேன். இனிமேல் யார் என்னை அவசரமாகக் கூப்பிடப்போகிறார்கள்?

ராமலிங்கம் அண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு வந்தவர் அதைப் பார்த்து நின்றார்.

"இது யாரு வச்சது?"

"நாந்தாண்ணே."

"நம்ம புள்ளைங்க ரெண்டு பேரு துபாய் கண்காட்சிக்குப் போயிருக்காங்களே, அதுங்களுக்கு எதுனா ஒண்ணுன்னா யாரக் கூப்புடும்?"

அவர் என் போனை எடுத்து, பின்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்து, என் கையில் கொடுத்தார்.

"ஆன் பண்ணி சூளப் பக்கம் கொண்டாந்து வையி. இது ஓடுற சாமான்."

அந்தப் பொட்டை நான் இன்னும் அழிக்கவில்லை. எந்த நாட்டிலிருந்து வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், எடுப்பேன்.